பென்சிலில் எழுதிய இரவல்

பெரியதம்பி மாமா எந்தப் புத்தகத்தையும் பின்னாலிருந்துதான் திறப்பார். கையில் வாங்கியதும் முன்னட்டையை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு கவிழ்த்துப் பிடித்து, கடைசித் தாளைக் கட்டைவிரலால் விலக்குவார். கிளினிக்கில் கிடக்கும் பழைய வார இதழானாலும், என் ஆறாம் ஆண்டு அறிவியல் பயிற்சி நூலானாலும், கோயில் திருவிழா மலரானாலும் அப்படித்தான். நான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்ததிலிருந்து பட்டம் வாங்கி வேலைக்குப் போன பிறகும், ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் இதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அம்மா கேட்பாள், கிண்டலாக. "என்னண்ணே, ஜாவியா படிக்கிற?" ஜாவி எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். மலாய்ப் பிள்ளைகளின் சமயப் புத்தகங்கள், நமக்குப் பின்னட்டையாக இருக்கும் பக்கத்தில்தான் தொடங்கும்.

மாமா சிரிக்க மாட்டார். "இருலா மோகனா, யாரு வீட்டுப் புள்ளன்னு பாத்துக்கிறேன்" என்பார்.

புத்தகத்தைத்தான் அப்படிச் சொன்னார். கடைசிப் பக்கத்தில் பதிப்பகத்தார் தங்களுடைய மற்ற நூல்களின் பட்டியலைப் போட்டிருப்பார்கள். அது ஒரு காரணம். இன்னொன்று, மாமா இரவல் வாங்கும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் பொடியெழுத்தில் ஒரு வரி எழுதிவைப்பார். யாரிடம் வாங்கியது, எந்த ஊர், திருப்ப வேண்டும். திருப்பிக் கொடுக்கப் போகும் அன்று அந்த வரியை அழிப்பானால் தேய்த்து அழித்து, தூளை ஊதிவிட்டு, அதற்குப் பிறகுதான் மோட்டார் சைக்கிளைக் கிளப்புவார். இரவல் வாங்கிய எதையும் அவர் திருப்பாமல் இருந்ததில்லை. அவருக்குப் பெருமை என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

ஒரே ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் திரும்பிப் போகவில்லை. அதற்குக் காரணம் நான். அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மாமா பிறந்தது ஜாசினுக்கு அப்பால், எல்லாரும் ஏழாங்கட்டை என்று அழைத்த ரப்பர்த் தோட்டத்தில், 1958இல். பெற்றோர் இருவருக்கும் பால்வெட்டு வேலை. தோட்டத்துப் பள்ளியில் ஒரே ஓர் அலமாரி. அதற்குப் பூட்டு உண்டு, கம்பி வலை உண்டு, உள்ளே முப்பது நாற்பது புத்தகங்கள் உண்டு. வலைக்கு வெளியே நின்று முதுகில் இருக்கும் பெயர்களைப் படிக்கலாம், அவ்வளவுதான். ஆறாம் ஆண்டில் அவருடைய வாசிப்பு நூலின் பின்பக்கத்தில், மதராஸ் முகவரியோடு, 'விலைப்பட்டியல் இலவசம்' என்று ஒரு வரி இருந்தது. இலவசம் என்பதைப் பார்த்து அவர் ஒரு கடிதம் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், தோட்டத்துக் கணக்கரான கிராணி கையில் ஓர் உறையை வைத்துக்கொண்டு "பெரியதம்பி யாருலா?" என்று கேட்டாராம். அந்தப் பெயரில் வேலையாள் யாரும் இல்லை. தாத்தா பயந்துபோய் "எம் மவன்தாங்க ஐயா, என்ன தப்புப் பண்ணிட்டான்?" என்றாராம். தோட்டத்துப் பிள்ளை ஒருவன் பெயருக்குக் கடல் தாண்டித் தபால் வந்தது அதுதான் முதல் தடவை.

உறைக்குள் இருந்தது அறுபத்து நான்கு பக்கப் பட்டியல். ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு வரி விளக்கம். அந்த இரண்டு வரிகளை வைத்து முழுப் புத்தகத்தையும் அவர் மனத்தில் கட்டிக்கொள்வார். பள்ளியை விட்டுப் புல் வெட்டும் வேலைக்குப் போன பிறகும், பிற பதிப்பகங்களுக்கும் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார். புத்தகம் வாங்க வழியில்லை. பட்டியல் வந்துகொண்டே இருந்தது.

அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறி, வேலையாட்களின் வரிசை வீடுகளான லயங்களை உடைத்தபோது, அவர் புக்கிட் ரம்பாயில் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்தார். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. அங்கே வீசியெறிந்த இரும்புச் சட்டங்களைக் கேட்டு வாங்கி ஒரு புத்தகத் தட்டு செய்தார். அதில் இருந்தவை எல்லாம் புத்தகங்களைப் பற்றிய புத்தகங்கள். நூலகப் பட்டியல்கள், அச்சுக்கூடங்களின் வரலாறு, நூல் கட்டும் முறை, மதிப்புரைத் தொகுப்புகள், கரையானிலிருந்து ஏடுகளைக் காப்பது எப்படி என்று ஒரு சிறு வெளியீடு, யாரோ ஒரு நூலகரின் நினைவுகள். அவருக்குச் சரியாகப் படிக்க வராத ஆங்கிலத்திலும் சில. கதைப் புத்தகம் என்று தேடினால் பத்து தேறாது.

"கடைக்குப் போயி மெனுவ மட்டும் படிச்சிட்டு எந்திரிச்சு வர்ற ஆளு எங்கண்ணன்" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். மாமாவுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதற்கும் அவளிடம் ஒரு கதை இருந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் காப்பி கொண்டுவந்து நின்றபோது, இவர் அந்த வீட்டுப் பஞ்சாங்கத்தைக் கவிழ்த்து வைத்துப் பின்பக்க விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தாராம். "பொண்ணு புடிச்சிருக்கான்னு கேட்டா, இந்த முகவரி இப்ப இருக்கான்னு கேக்குறாரு!"

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு விடுமுறைக்கு வந்திருந்தபோது, நானும் கொஞ்சம் திமிராக ஒரு கேள்வி கேட்டேன். "மாமா, இதுல சொல்லியிருக்கிற புத்தகத்துல எத்தன படிச்சிருக்கீங்க?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "இருபது இருக்கும்."

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் இருக்குன்னு தெரியும்லா."

எனக்கு அது தோற்றுப்போனவர் சொல்லும் பதிலாகத் தெரிந்தது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். படிப்பென்றால் முடிப்பது, மதிப்பெண் வாங்குவது, அடுத்ததற்குப் போவது என்றுதான் எனக்குத் தெரியும். ஒரு புத்தகம் எங்கோ இருக்கிறது என்று அறிந்துவைத்திருப்பதில் ஒருவருக்கு என்ன கிடைக்கும் என்று அன்றைக்கு நான் அவரைக் கேட்டிருக்கலாம். கைப்பேசியை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டேன்.

மாமாவுக்கு நண்பர் என்றால் ஒருவர்தான். தெங்கேராவில் கடை வைத்திருக்கும் ஹனீஃப் பாய். கடை அவருடைய அத்தா, அதாவது அப்பா, தொடங்கியது. நாளிதழ், பஞ்சாங்கம், பள்ளிச் சாமான்கள், ஒரு பக்கத்துச் சுவர் முழுக்கத் தமிழ்ப் புத்தகங்கள். இப்போது பாயின் மகன் அஃப்னான் அந்தச் சுவரில் கைப்பேசி உறைகளைத் தொங்கவிட்டிருக்கிறான். மாமா நாற்பது வருடம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அங்கே போனார்.

அந்தக் கடையில்தான் அந்த நோட்டு இருந்தது. பாயின் அத்தா 1958இலிருந்து 1979 வரை கையால் எழுதிவைத்தது. கடையிலிருந்து எந்தப் புத்தகம் எந்தத் தோட்டத்துக்கு, யார் கைக்குப் போனது என்ற பதிவு. நான்கு பத்திகள்: நாள், நூலின் பெயர், ஊர், ஆள். பழுப்புத் துணி ஒட்டிய கெட்டி அட்டை. மாமா இதைக் கேட்டுக் கேட்டு, 2020 பிப்ரவரியில் பாய் ஒரு வாரத்துக்கு என்று கொடுத்தார். மார்ச்சில் கிருமிக்காக நாட்டையே அடைத்துவிட்டார்கள். ஒரு வாரம் நான்கு வருடமாகிவிட்டது.

நாடு திறந்த பிறகும் மாமா அதைத் திருப்பாததற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். வெறுமனே பார்த்து எழுதினால் ஆறு மாதத்தில் முடிந்திருக்கும். அவர் ஐந்தாவதாக ஒரு பத்தியைச் சேர்த்தார்: 'இப்போது'. பதிவில் இருக்கும் ஆளைத் தேடிப் போவார். ஆள் இல்லையென்றால் மகன், பேத்தி. தோட்டங்கள் காலியாகி எல்லாரும் தாமான் குடியிருப்புகளிலும் அடுக்கு மாடிகளிலும் சிதறியிருந்தார்கள். கதவைத் தட்டி, "அறுபத்து மூணுல உங்கப்பா ஒரு புத்தகம் வாங்கினாரு, அது இருக்காம்மா?" என்று கேட்பார். சிலர் கடன் வசூலிக்க வந்தவர் என்று நினைத்துக் கதவைச் சாத்துவார்கள். சிலர் உட்காரவைத்துச் சோறு போடுவார்கள்.

இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வரும்போதெல்லாம் சாப்பாட்டு மேசையில் இரண்டு நோட்டுகள் விரிந்து கிடப்பதைப் பார்த்தேன். ஒன்று துணி அட்டை, ஒன்று பள்ளி நோட்டு. துணி அட்டை நோட்டைத் துண்டில் சுற்றி, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கொடுக்கும் பிளாஸ்டிக் பையில் போட்டு, மோட்டாரில் கொண்டுபோவதையும் பார்த்தேன். மாமா என்னவோ எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். தட்டை ஓரமாக வைத்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனேன்.

2024 மார்ச்சில், ஓய்வுக்குப் பிறகு பார்த்துவந்த தொழிற்சாலை இரவுக் காவல் வேலை முடிந்து காலையில் வீட்டுக்கு வந்தவர், சப்பாத்தைக் கழற்றக் குனிந்த இடத்திலேயே விழுந்தார். மூளையில் இரத்தக் கசிவு. மூன்றாம் நாள் மருத்துவமனையில் போய்விட்டார். நான் கோலாலம்பூரிலிருந்து பஸ் ஏறி வந்து சேர்ந்தபோது மாமாவை வைத்த பெட்டி வீட்டுக்கு வந்திருந்தது.

இறந்தவருக்குப் பிடித்ததைப் பெட்டிக்குள் வைத்து அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். மூக்குக் கண்ணாடி, வேட்டி, வெற்றிலைப் பொட்டலம் என்று வைப்பார்கள். பக்கத்து வீட்டு அங்கமுத்து தாத்தாவுக்கு லாட்டரி நம்பர் டிக்கெட் வைத்தார்கள். அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள். "தேவி, நீதான படிச்சவ. அண்ணனுக்கு எந்தப் புத்தகம் உசுருன்னு பாத்து எடுத்துட்டு வா."

பின்னறைக்குப் போனேன். தட்டில் இருந்தவை எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. கட்டிலில், துண்டு சுற்றியபடி, அந்தத் துணி அட்டை நோட்டு இருந்தது. முதல் பக்கத்தைத் திறந்தேன். மை எழுத்து, வரிசை வரிசையாகப் புத்தகப் பெயர்கள். நடுவில் ஒரு பக்கம் புரட்டினேன். அங்கேயும் அப்படியே. மாமாவின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது என்பது அந்த நிமிடத்தில் எனக்கு உறைக்கவில்லை. அவர் ஆயுள் முழுக்க எழுதியது இது என்று நினைத்தேன். இதைவிடப் பொருத்தமாக எதுவும் இல்லை என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அம்மா அதை வாங்கி மாமாவின் நெஞ்சில் வைத்து, இரண்டு கைகளையும் அதன்மேல் சேர்த்துவைத்தாள். "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான், எவ்வளவு பொருத்தமா எடுத்தாந்திருக்கு பாரு" என்று யாரோ சொன்னது கேட்டது.

ஹனீஃப் பாய் வெள்ளைத் தொப்பியோடு வாசலில் நின்றிருந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் வந்தவரின் வலது கை மெல்ல மேலே எழுந்தது. பிறகு இறங்கிவிட்டது. கடைசி வணக்கம் போல என்று நினைத்தேன்.

"மூடப் போறாங்களாம்மா?" என்று என்னைக் கேட்டார். "ஆமா பாய்" என்றேன். "சரி" என்றார். மின்சுடலைக்கு வண்டி கிளம்பும்வரை வெயிலில் நின்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, மாமாவின் புத்தகத் தட்டை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். ஏதோ நினைவில் ஒரு புத்தகத்தை அவர் போலவே பின்னாலிருந்து திறந்தேன். பென்சில் வரி இருந்தது. 'கணேஸ்வரன் ஆசிரியர், ஜாசின். இரவல். திருப்ப வேண்டும்.' ஒவ்வொன்றாகப் பார்த்ததில் ஐந்து இரவல்கள். ஐந்தையும் திருப்பிவிடலாம், அவர் பெயரைக் காப்பாற்றிவிடலாம் என்று ஒரு வேகம் வந்தது. அழிப்பான் வாங்கி, அவர் செய்தது போலவே வரியை அழித்து, தூளை ஊதி, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கணேஸ்வரன் ஆசிரியர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, "இத நான் குடுத்ததே மறந்துட்டேன்மா" என்றார்.

கடைசியாகத்தான் அந்தப் பள்ளி நோட்டை எடுத்தேன். பின்னாலிருந்து திறந்தேன்.

'இதன் மூலம் ஹனீஃப் அவர்களின் அத்தா எழுதிய கடைப் பதிவு. வேறு பிரதி கிடையாது. ஒரு வாரத்துக்கு என்று வாங்கினேன். முடித்ததும் நேரில் திருப்ப வேண்டும்.'

பாயின் கை எழுந்து இறங்கியது நினைவுக்கு வந்தது. அந்தத் துணி அட்டை நோட்டின் கடைசிப் பக்கத்திலும் இதே பென்சில் வரி இருந்திருக்கும். நான் முதல் பக்கத்தைப் பார்த்தேன், நடுப்பக்கத்தைப் பார்த்தேன்.

இரண்டு வாரம் தெங்கேராவுக்குப் போகாமல் தள்ளிப்போட்டேன். பாய்க்குத் தெரியாது, தெரியாமலே இருக்கட்டும் என்று ஒருநாள் தோன்றியது. அவருக்குத் தெரியும் என்று மறுநாள் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளி நோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

"வாம்மா, உக்காரு. தே ஓ குடிக்கிறியா? டேய் அஃப்னான், ஒரு தே ஓ சொல்லு, சீனி கொறச்சலா."

"பாய், அந்த நோட்ட நாந்தான் பெட்டியில வெச்சேன்."

"தெரியும்மா."

"அன்னிக்கே பாத்தீங்களா?"

"அந்தத் துணி எங்கம்மாவோட பழைய தலகாணி உறை. அத்தா கஞ்சி காச்சி ஒட்டுனாங்க. நான் பக்கத்துல ஒக்காந்து பாத்தவன். தெரியாம இருக்குமா?"

"ஏன் பாய் சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா எடுத்திருப்பேனே."

அவர் மேசையில் கிடந்த நாளிதழ்களை ஒன்றன்மேல் ஒன்றாக நேராக்கினார். "உங்கம்மா அவரு கைய அதும்மேல சேத்து வெச்சு அழுதுக்கிட்டு இருக்காங்க. அந்தக் கையப் பிரிச்சு எஞ் சாமானக் குடுங்கன்னு கேக்கச் சொல்றியா? நாப்பது வருஷச் சேக்காளிம்மா."

பால் விடாத அந்தத் தேநீர் வந்தது. நான் தொடவில்லை.

"எங்கள்ல ஒருத்தரு மௌத்தாப் போனா, ஒடலத் தூக்குறதுக்கு முன்னாடி கூட்டத்துல கேப்பாங்க. இவரு யாருக்காச்சும் கடன் பாக்கி வெச்சிருக்காரா, இருந்தா இப்பச் சொல்லுங்கன்னு. வாரிசு ஏத்துக்குவாங்க. அன்னிக்கு நானும் ஓரமா நின்னு பாத்தேன், உங்க வீட்டுல யாராச்சும் கேப்பாங்களான்னு. கேட்டிருந்தா சொல்லியிருப்பனோ என்னவோ."

"எங்கள்ல அப்படிக் கேக்குற வழக்கம் இல்ல பாய்."

"தெரியும்லா. பூப் போடச் சொன்னாங்க, போட்டேன்."

பள்ளி நோட்டை அவர் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மாமாவைப் போலவே பின்னாலிருந்து திறந்தார். பென்சில் வரியைப் படித்தார். பிறகு பக்கங்களைப் புரட்டி, ஐந்தாவது பத்தியை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

"'லயம் உடைத்தபோது போனது.' 'மகள் கல்யாணத்தில் யாரோ எடுத்துப்போனார்கள்.' 'இருக்கிறது. கடைசி நான்கு பக்கம் இல்லை.' 'அரிசி டின்னுக்கு அடியில் விரித்துத் தீர்ந்தது.'" அடுத்ததில் நிறுத்திச் சிரித்தார். "இதக் கேளும்மா. 'பெத்தம்மாள், ஏழாங்கட்டை. சமையல் நூல். இருக்கிறது. ஒன்றையும் சமைத்துப் பார்த்ததில்லையாம். படித்ததே போதும் என்கிறார்.' உங்க மாமாவுக்கு ஏத்த ஆளு பாத்தியா! இத எழுதுனப்ப அந்த மனுஷன் எப்படிச் சிரிச்சிருப்பாரு."

பிறகு சிரிப்பு நின்றது. கடைசியாக எழுதியிருந்த பக்கத்துக்கு வந்திருந்தார். மாமா மூலத்திலிருந்து 1966 ஜூன் வரைதான் வந்திருந்தார்.

"அத்தா எழுவத்தொம்பது வரைக்கும் எழுதுனாங்க" என்றார் பாய், மெதுவாக.

பதின்மூன்று வருடம். அந்தப் பதின்மூன்று வருடத்தில் எந்தத் தோட்டத்தில் யார் எந்தப் புத்தகத்தை வாங்கினார்கள் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அவை இருந்தன என்றுகூடத் தெரியப்போவதில்லை. மற்றதெல்லாம் இருக்குன்னு தெரியும்லா என்று மாமா சொன்னது என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

"இத நீங்க வெச்சுக்குங்க பாய்."

அவர் நோட்டை மூடி, என் பக்கம் தள்ளினார். "முடிச்சதும் தர்றேன்னுதான் சொன்னாரு. இது முடிக்கலியே. அதோட, இது உங்க மாமா எழுத்து. உங்க வீட்டுல இருக்கணும்."

"அப்ப என்னதான் பாய் செய்யறது?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "என்னோடதா இருந்தா ஹலாலாக்கிட்டேன், கடன் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லி முடிச்சிருவேன். எனக்கு உண்டானதெல்லாம் சொல்லிட்டேன். ஒரு வாரம்னு சொல்லி நாலு வருஷம் ஆக்குனது, நான் கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு இருந்தது, எல்லாம். அன்னிக்கே, பெட்டி மூடறப்பவே மனசுல சொல்லிட்டேன். ஆனா அந்த நோட்டு அத்தாவோடது. அத வேணாம்னு சொல்ல எனக்கு உரிமை இல்லம்மா. அத்தாதான் சொல்லணும்."

"வெச்சது நான்தான? எங் கடன்னு சொல்லக் கூடாதா?"

"வாங்குனது அவரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "ஆறுது பாரு, குடி."

வீட்டுக்கு வந்து பள்ளி நோட்டைத் தட்டில் வைத்தேன். அழிப்பான் என் கைப்பையில்தான் இருக்கிறது. ஐந்து வரிகளை அழித்து ஒரு மூலை தேய்ந்திருக்கிறது. ஆறாவது வரி, மாமா எழுதியபடியே, கடைசிப் பக்கத்தில் அழியாமல் இருக்கிறது. திருப்ப வேண்டும்.